செப்புத் தகட்டில் ஏறிய குதிரைவீரர்

(படம் போட்ட புத்தகங்களின் கதை – 17)

மாட்ரித் நகரில் ஹுவான் தெ லா குவெஸ்தாவின் அச்சகத்திலிருந்து 1605-இன் தொடக்கத்தில் 'டான் குயிக்ஸாட்' முதல் பாகம் வெளிவந்தது. மட்டமான தாள், மலிந்து கிடக்கும் அச்சுப் பிழைகள், முகப்பில் அச்சகத்தின் முத்திரை. படம் என்று ஒன்றும் கிடையாது. புத்தகம் விற்கிறது என்று தெரிந்ததும் அதே ஆண்டில் லிஸ்பனில் ஜார்ஜ் ரொட்ரிகஸ் என்பவர் செர்வாந்தேஸைக் கேட்காமலே ஒரு பதிப்பு போட்டார். அதன் முகப்பில் குதிரை மேல் ஒரு வீரன், முன்னால் கால்நடையாக ஒரு பணியாள். வலென்சியாவில் பத்ரீசியோ மேய் அச்சிட்ட பதிப்பின் முகப்பிலும் ஈட்டியோடு பாய்கிற ஒரு குதிரைவீரன் இருந்தான். இரண்டும் பழைய வீரசாகசக் கதைகளின் முகப்பில் வழக்கமாக வருகிற ரக மரச்செதுக்குப் படங்கள். இளமையும் மிடுக்குமாக, கவசம் பளபளக்க நிற்கும் வீரர்கள். எந்தக் கதைகளைப் படித்துப் படித்து ஒரு கிராமத்துப் பெரியவரின் மூளை கலங்கியது என்று செர்வாந்தேஸ் சிரித்தாரோ, அந்தக் கதைகளின் முகத்தையே அவருடைய புத்தகத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். கடையில் பார்த்து வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்னொரு வீரசாகசக் கதை என்று நினைத்து வாங்கினார்களோ!

இந்த நாவலின் படங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. முதல் படம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தின் முடிவில் டான் குயிக்ஸாட்டும் ஒரு பாஸ்க் நாட்டுக்காரனும் வாளை ஓங்கிக்கொண்டு நிற்கும்போது கதை நின்றுபோகிறது. மூலப் பிரதி அத்தோடு முடிந்துவிட்டதாம். ஒன்பதாம் அத்தியாயத்தில் கதைசொல்லி தொலேதோ கடைத்தெருவில் ஒரு சிறுவனிடம் பழைய காகிதக் கட்டுகளை வாங்குகிறார். அரபு மொழியில் எழுதிய அந்தக் கட்டில் மீதிக் கதையும், அந்தச் சண்டையின் படமும் இருக்கின்றன. படத்தில் ரோசினாந்தே குதிரை நீண்டு, மெலிந்து, க்ஷயரோகம் பிடித்ததுபோல் நிற்கிறது. பக்கத்தில் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்தபடி பணியாள் சாஞ்சோ பான்சா: பெரிய தொப்பை, குட்டை உடம்பு, நீண்ட கால்கள்.

நீண்ட கால்கள்! நமக்குத் தெரிந்த சாஞ்சோவுக்கு அவை இல்லை. உருண்டையான, குள்ளமான, கழுதை மேல் மூட்டையாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் நம் மனத்தில் இருக்கும் சாஞ்சோ. நாவலாசிரியர் கொடுத்த கால்களை ஓவியர்கள் வெட்டிவிட்டார்கள். நெட்டை எஜமானருக்குப் பக்கத்தில் குட்டைப் பணியாள் நின்றால்தான் படம் எடுபடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை எழுதியவரின் பேச்சைவிட வரைந்தவர்களின் பேச்சே அதிகம் எடுபட்டது. சிரிக்க வேண்டிய கதையா, அழ வேண்டிய கதையா என்பதைக்கூட ஒவ்வொரு தலைமுறைக்கும் தகடு செதுக்கியவர்களே முடிவு செய்து கொடுத்தார்கள்.

படம் வரும் என்பது செர்வாந்தேஸுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதியில் இருவரும் ஒரு சத்திரத்தில் தங்குகிறார்கள். சுவரில் படம் தீட்டிய பழைய துணிகள் தொங்குகின்றன. ஒன்றில் ஹெலனைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அவள் முகத்தில் கள்ளச் சிரிப்பு. இன்னொன்றில் ராணி டைடோ அழுகிறாள். ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் வால்நட் அளவு. இதைப் பார்த்த சாஞ்சோ, கூடிய சீக்கிரம் நம் கதையைத் தீட்டாத சாப்பாட்டுக் கடையோ சத்திரமோ முடிதிருத்தும் கடையோ இருக்காது என்று பந்தயம் கட்டுகிறான். ஆனால் இதைவிட நல்ல கை வரைய வேண்டும் என்பது அவன் நிபந்தனை. எஜமானர் அதை ஒப்புக்கொண்டு உபேதா ஊர் ஓவியர் ஒருவரை நினைவுபடுத்துகிறார். என்ன வரைகிறாய் என்று கேட்டால், வருவது வரட்டும் என்பாராம் அந்த ஓவியர். சேவல் வரைந்தால் இது சேவல் என்று கீழே எழுதிவிடுவாராம். செர்வாந்தேஸ் 1616 ஏப்ரலில் இறந்தார். பந்தயத்தில் சாஞ்சோ ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை.

ஆனால் தொடக்கம் அவர் காலத்திலேயே ஆகிவிட்டிருந்தது. 1613-இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் அரண்மனையில் ஒரு ஞானஸ்நானக் கொண்டாட்டம். வேடமிட்டவர்களின் ஊர்வலத்தில் டான் குயிக்ஸாட்டும் சாஞ்சோவும் வந்தார்கள். அதை ஆந்திரேயாஸ் பிரெட்ஷ்னைடர் தகட்டில் செதுக்க, 1614-இல் லைப்சிக்கில் அச்சானது. நாவலின் பாத்திரங்களை அடையாளம் தெரியும்படி காட்டிய மிகப் பழைய படங்களில் அது ஒன்று. 1618-இல் பாரிஸில் வந்த இரண்டாம் பாகத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு முகப்பில் இருவரும் சேர்ந்து சவாரி போகிறார்கள். பின்னணியில் ஒரு காற்றாலை. இரண்டு ஆண்டுகளில் லண்டன் பதிப்பும் அதைப் பார்த்துச் செதுக்கிக்கொண்டது. 1648-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்த ஜெர்மன் பதிப்பில் ஐந்து படங்கள். இவையெல்லாம் முன்னோட்டம் மட்டும்தான்.

முழுக்கப் படம் போட்ட பதிப்பு ஹாலந்திலிருந்து வந்தது. டார்ட்ரெக்ட் நகரில் 1657-இல் யாகப் சாவரி வெளியிட்ட டச்சு மொழிபெயர்ப்பில் 24 செப்புத் தகட்டுப் படங்கள் இருந்தன. மொழிபெயர்த்தவர் லாம்பெர்ட் வான் டென் போஸ்.

செப்புத் தகட்டு வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். மரச்செதுக்கில் கோடு மேடாக நிற்கும், சுற்றியுள்ளதைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். செப்பில் அது தலைகீழ்: கோடுதான் பள்ளம். செதுக்குபவர் தோல் திண்டின் மேல் தகட்டை வைத்து, உள்ளங்கையில் பொருந்தும் மரப்பிடி போட்ட கூரான எஃகு உளியை முன்னால் தள்ளுவார். வளைகோடு வேண்டுமென்றால் உளியைத் திருப்பமாட்டார், திண்டின் மேல் தகட்டைத் திருப்புவார். தகடு முழுவதும் மை பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன் மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். பழைய படத்தின் மேல் விரல் நுனியை ஓட்டினால் கோடு மெல்லிய வரம்பாகத் தட்டுப்படுவதும், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்திருப்பதும் இதனால்தான்.

இதில் அச்சகத்துக்கு ஒரு தொல்லை. எழுத்து அச்சடிக்கும் பொறியில் இந்தத் தகட்டை ஏற்ற முடியாது. படத்தைத் தனிப் பொறியில், தனித் தாளில் அடித்து, பைண்டு செய்யும்போது இடையில் செருக வேண்டும். செலவு கூடும். அதனால் எந்தக் காட்சிக்குப் படம் என்று பதிப்பாளர் யோசித்துத் தேர்ந்தெடுத்தார். சாவரி தேர்ந்தெடுத்தவை அடிதடியும் கூத்தும். சத்திரக் கூலி கொடுக்காததால் போர்வையில் போட்டுத் தூக்கியெறியப்படும் சாஞ்சோவைப் பார்த்து அந்தக் காலத்து வாசகர் வாய்விட்டுச் சிரித்திருப்பார். சோகவீரர் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. கோமாளிக் கதை என்றுதான் வாங்கினார்கள், படமும் அதையே சொன்னது.

அந்தத் தகடுகள் ஒரு படையெடுப்பே நடத்தின. ஸ்பானிஷ் மொழியில் முதன்முதலாகப் படத்தோடு வந்த பதிப்பு ஸ்பெயினில் அச்சாகவில்லை. 1662-இல் பிரஸ்ஸல்ஸில் ஹுவான் மொம்மார்த்தே வெளியிட்டார். ஃப்ரெடரிக் பூட்டாட்ஸ் என்ற செதுக்குநர் டார்ட்ரெக்ட் படங்களைப் பார்த்துப் புதுத் தகடு செய்து கொடுத்தார். படங்கள் மிகவும் வேடிக்கையானவை, விஷயத்துக்குப் பொருத்தமானவை என்று முகப்பிலேயே விளம்பரம்! பிறகு ஆன்ட்வெர்ப்பின் வெர்துஸ்ஸென் குடும்பம் அவற்றை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பதிப்புக்கு மேல் பதிப்பு போட்டது. மாட்ரிதில் படத்தோடு முதலில் அச்சானது 1674-இல்தான். செதுக்கியவர் தியேகோ தெ ஒப்ரெகோன். உரிமை, அனுமதி என்ற பேச்சே இல்லாத காலம். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடவலம் மாறி வரும், வலக்கையில் இருந்த வாள் இடக்கைக்குப் போகும். அவசரக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தகடு தேயத் தேயக் கோடுகளை மறுபடி ஆழப்படுத்தி அடித்தார்கள். முகபாவம் போய் வெறும் கரிய உருவங்கள் மிஞ்சின.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆள் மாறினார். பாரிஸில் ஷார்ல் அந்துவான் குவாப்பெல், இருபது வயதில், கோப்லென் நெசவாலையின் சுவர்த்திரைகளுக்காக இந்தக் கதையைத் தீட்டத் தொடங்கினார். 1714 முதல் 1751 வரை 28 ஓவியங்கள். அவர் கையில் கதை நடக்கும் லா மான்சாவின் புழுதி பட்டுத்துணியாக மாறியது. எல்லோரும் நாடக மேடையில் நிற்பதுபோல் கையை விரித்து நிற்கிறார்கள். தகடாகச் செதுக்கி விற்ற அவற்றின் பிரதிகள் ஐரோப்பா முழுவதும் போய்ச் சேர்ந்தன. எனக்கு அவை அலுப்பூட்டுகின்றன என்பதால் லண்டனுக்குப் போகிறேன்.

லண்டனில் ஜேக்கப் டான்சனின் பதிப்பகம் 1738-இல் நான்கு பெரிய தொகுதிகளாக ஒரு பதிப்பு கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் அல்ல, ஸ்பானிஷிலேயே. பின்னால் நின்றவர் கார்ட்டெரெட் பிரபு, அரசியலில் பெரிய புள்ளி. கரோலைன் ராணியின் நூலகத்தில் இந்தக் கதைக்கு மரியாதையான பிரதி இல்லையே என்று பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். ராணி 1737 நவம்பரிலேயே இறந்துவிட்டார். புத்தகம் ஸ்பானியத் தூதரின் மனைவி மோந்திஹோ சீமாட்டிக்குச் சமர்ப்பணமானது. செர்வாந்தேஸின் முதல் முழு வாழ்க்கை வரலாறும் இந்தப் பதிப்புக்காகவே எழுதப்பட்டது. எழுதியவர் கிரெகோரியோ மயான்ஸ் இ சிஸ்கார். ஸ்பெயின் தன் எழுத்தாளருக்குச் செய்யாததை ஒரு ஆங்கிலப் பிரபு செய்ய வேண்டியிருந்தது.

படங்கள் 68. வரைந்தவர் ஜான் வாண்டர்பாங்க், கடன்காரர்களுக்குப் பயந்து 1724-இல் பிரான்சுக்கு ஓடிப்போனவர். பெரும்பாலான தகடுகளைச் செதுக்கியவர் ஜெரார்ட் வாண்டர்குஹ்ட். வில்லியம் ஹோகார்த்தும் சில படங்கள் செய்து கொடுத்தார். தெருக்கூச்சலும் கேலியும் நிரம்பிய கை அவருடையது. அவை பதிப்பில் சேரவில்லை. இந்தப் பதிப்புக்குக் கேலிச் சிரிப்பு வேண்டாம், கண்ணியம் வேண்டும். முகப்புப் படத்தில் கலைத் தேவதைகளின் மலையிலிருந்து அரக்கர்களை விரட்டக் கிளம்பும் ஹெர்குலிஸ் நிற்கிறார். அவர்தான் செர்வாந்தேஸ் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இதில் மருத்துவர் ஜான் ஓல்ட்ஃபீல்ட் படங்களைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். புத்தகப் படம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று இவ்வளவு நிதானமாக வாதாடிய எழுத்து அந்தக் காலத்தில் அபூர்வம். காதால் கேட்கும்போது மனம் ஏற்றுக்கொள்கிற அதிசயத்தைக் கண் ஏற்றுக்கொள்ளாது என்பது அவர் கட்சி. காற்றாலையை அரக்கன் என்று நினைத்து ஒருவர் பாய்ந்தார் என்று படிக்கும்போது நாம் கதையோடு போகிறோம். அதையே படமாகப் பார்த்தால் இப்படி ஒருவன் இருப்பானா என்று சந்தேகம் வந்துவிடுமாம். படம் உணர்ச்சியையும் குணத்தையும் காட்டட்டும், குட்டிக்கரணத்தை எழுத்துக்கு விட்டுவிடட்டும் என்றார். வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் உலகம் இந்தக் கதையில் எதை மறந்தாலும் காற்றாலையை மறக்கவில்லையே!

செர்வாந்தேஸின் முகத்துக்கு என்ன செய்வது என்பது இன்னொரு சிக்கல். நம்பத்தகுந்த உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. 1613-இல் வந்த தன் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்: கழுகு முகம், கபில நிற முடி, வெள்ளியாகிவிட்ட தாடி, மிஞ்சியது ஆறே பற்கள். அதை வைத்துக்கொண்டு வில்லியம் கென்ட் ஒரு கற்பனைப் படம் வரைந்தார். ஜார்ஜ் வெர்ட்யூ செதுக்கினார். ஆசிரியர் தன்னைத் தானே வரைந்த படம் என்று அதற்குத் தலைப்பு. குறும்பாக இருந்தாலும் பொய் இல்லை, சொல்லால் வரைந்தவர் அவர்தானே.

லண்டனின் இந்தத் தொகுதிகள் மாட்ரிதில் சுருக்கென்று தைத்தன. நம் எழுத்தாளருக்கு அந்நியர்கள் நல்ல பதிப்பு போடுவதா? 1773-இல் ஸ்பானிய மொழி அகாதமி அரசர் மூன்றாம் கார்லோஸிடம் ஒப்புதல் பெற்று வேலையில் இறங்கியது. அச்சிட ஹோவாக்கின் இபார்ரா, அந்த நூற்றாண்டில் ஸ்பெயினின் முதல்தர அச்சுக்காரர். எழுத்துகளைப் புதிதாக வெட்ட ஹெரோனிமோ ஹில். தாள் கத்தலோனியாவிலிருந்து. நான்கு தொகுதிகளும் 1780-இல் வந்தன. கோடும் எழுத்தும் ஓரம் விட்ட வெள்ளை இடமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து நிற்கும் அந்தப் பக்கங்களை அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள்.

படங்களுக்கு அகாதமி போட்ட கட்டளை வேடிக்கையானது. உடையும் ஆயுதமும் செர்வாந்தேஸ் காலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அரண்மனையில் உள்ள பழைய ஓவியங்களையும் அரச ஆயுதசாலையையும் போய்ப் பார்க்க வேண்டும். முடிதிருத்துபவரின் பித்தளைக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மம்பிரினோவின் பொற்கவசம் என்று திரிகிற மனிதரின் உடைக்கு இத்தனை ஆராய்ச்சி! அந்தோனியோ கார்னிசேரோ, ஹோசே தெல் காஸ்தியோ முதலானவர்கள் வரைந்தார்கள். மனுவேல் சல்வதோர் கர்மோனா, ஃபெர்னாந்தோ செல்மா போன்ற கைதேர்ந்தவர்கள் செதுக்கினார்கள். அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்த கோயாவும் ஒரு படம் கொடுத்தார், கழுதைபோல் கத்தும் ஊர்க்காரர்களின் கதைக்கு. தகடும் செதுக்கியாயிற்று, ஆனால் பதிப்பில் சேர்க்கவில்லை. லண்டனில் ஹோகார்த், மாட்ரிதில் கோயா: அந்த நூற்றாண்டின் இரண்டு கூரிய கண்களும் இந்தப் புத்தகத்தின் வாசலிலேயே திரும்பிப் போயின.

அரச நிலவரைஞர் தொமாஸ் லோபெஸ் டான் குயிக்ஸாட் சுற்றிய வழிக்கு ஒரு வரைபடமே போட்டுக் கொடுத்தார். கற்பனை மனிதரின் பயணத்துக்கு நிஜ நாட்டின் வரைபடம். உருவப்பட விஷயத்தில்தான் அகாதமி வழுக்கி விழுந்தது. செவில்லிலிருந்து அகிலா பிரபு ஒரு பழைய எண்ணெய் ஓவியத்தை அனுப்பினார், செர்வாந்தேஸ் என்று. ஓவியர்களை அழைத்துக் காட்டி, பழையதுதான் என்று உறுதி வாங்கிச் செதுக்கிப் போட்டார்கள். லண்டன் பதிப்பில் கென்ட் வரைந்த கற்பனை முகத்தைப் பார்த்துத் தீட்டியதுதான் அது என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஓவியரல்ல, ஒரு மரம். இந்தத் தொடரில் முன்பே பார்த்த தாமஸ் பீவிக் நியூகாசிலில் கண்ட வழி: மரத்தை நீளவாக்கில் அறுக்காமல் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செப்புக்கு உரிய உளியாலேயே செதுக்குவது. பாக்ஸ்வுட் என்ற மரம் அதற்கு இரும்பாக நின்றது. இந்தப் பிளாக்கை ஈய எழுத்தோடு சேர்த்து ஒரே பொறியில் அடிக்கலாம். படம் எழுத்துப் பக்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. 1836–37-இல் பாரிஸில் துபோஷே வெளியிட்ட, லூயி வியார்தோ மொழிபெயர்த்த பதிப்பில் டோனி ஜோஹானோ வரைந்த சிறு படங்கள் 800. பக்கத்தைத் திருப்பத் திருப்பப் படம். எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது என்ற ஓல்ட்ஃபீல்டின் கவலைக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. மூன்றே ஆண்டுகளில் பார்சிலோனாவும் அந்த 800 படங்களை எடுத்துப் போட்டது.

பிறகு டோரே. குஸ்தாவ் டோரே 1832-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தவர். பதிப்பாளர் தயங்கியதால் தாந்தேயின் 'நரகம்' நூலைத் தன் பணத்தில் 1861-இல் கொண்டுவந்து ஜெயித்துக் காட்டியவர். அதே கையோடு தாவிலியே பிரபுவுடன் ஸ்பெயின் முழுக்கச் சுற்றினார். சத்திரங்கள், கழுதைக்காரர்கள், பொட்டல் வெளிகள் என்று குறிப்பேடுகள் நிறைந்தன. 1863-இல் ஹாஷெத் நிறுவனம் வியார்தோவின் மொழிபெயர்ப்பை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. முழுப்பக்கப் படங்கள் 120, சிறியவற்றையும் சேர்த்தால் 370-க்கும் மேல்.

முதல் படத்திலேயே அவர் கட்சி தெரிந்துவிடுகிறது. நாற்காலியில் ஒல்லியான மனிதர், ஒரு கையில் புத்தகம், மறு கையில் ஓங்கிய வாள், திறந்த வாய். அவர் தலைக்கு மேலும் சுற்றிலும் காற்றிலிருந்து பிறந்ததுபோல் அரக்கர்கள், கன்னியர், கவச வீரர்கள். தரையில் வெட்டுண்ட ஒரு பெரிய தலை. இன்னும் கீழே பார்த்தால் எலிகள் மேல் ஏறி ஈட்டியோடு மோதிக்கொள்ளும் பொடி வீரர்கள். இருநூறு ஆண்டுகளாக ஓவியர்கள் அவரை வெளியிலிருந்து, வழிப்போக்கன் கண்ணால் வரைந்தார்கள். டோரே அவருடைய மண்டைக்குள்ளே நுழைந்து அங்கே தெரிவதை வரைந்தார்.

காற்றாலைக் காட்சியையும் பாருங்கள். நாவலில் ஈட்டி நொறுங்குகிறது. இறக்கை குதிரையையும் வீரரையும் இழுத்து வயலில் உருட்டுகிறது, அவ்வளவுதான். டோரே இருவரையும் ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டார். குதிரை இறக்கையோடு மேலே போகிறது, கால்கள் அந்தரத்தில். அடி என்னவோ அதே அடிதான். டார்ட்ரெக்ட் பாணியில் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தப் பெரிய வானத்துக்குக் கீழே பார்க்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. மாலை வெளிச்சத்தில் நீண்ட நிழலோடு தனியாகப் போகும் இருவரை நமக்குப் பழக்கியதும் இந்தப் படங்கள்தான். சில சமயம் அளவுக்கு மீறிப் போகிறார் என்பேன். செர்வாந்தேஸின் சத்திரக்காரர்கள் எல்லோரும் இத்தனை இருட்டில் வாழவில்லை.

அந்த இருட்டு டோரேயுடையது மட்டுமல்ல. பெரும்பாலான முழுப்பக்கப் படங்களின் ஓரத்தில் டோரே பெயரோடு இன்னொரு பெயரும் இருக்கிறது: பிஸான். எலியோதோர் பிஸான் செதுக்குநர். பாக்ஸ்வுட் சின்ன மரம் என்பதால் பல துண்டுகளை இணைத்துத்தான் பெரிய பிளாக் கிடைக்கும். அதன் மேல் டோரே கோடு போடவில்லை. தூரிகையால் மையும் வெள்ளையும் கலந்து நேரே தீட்டிவிட்டார். கோடு இருந்தால் செதுக்குபவர் அதைப் பின்பற்றலாம். வெறும் நிழல்பூச்சை எப்படிச் செதுக்குவது? எந்த இடத்தில் நெருங்கிய கோடு, எந்த இடத்தில் குறுக்குக் கோடு, மேகத்துக்கு எவ்வளவு வளைவு என்பதெல்லாம் பிஸானின் முடிவு. கறுப்பிலிருந்து வெள்ளையை வெட்டி எடுப்பதுதான் அவர் வேலை. வானத்தில் ஒரு பிறையை ஒளிர வைக்க, அந்தத் துளி மரத்தை முழுதாகக் குடைந்தெடுக்க வேண்டும். கை தவறினால் மறுபடி கறுப்பைச் சேர்ப்பது எளிதல்ல.

செதுக்கி முடித்ததும் டோரே தீட்டியது காணாமல் போய்விடும். மரத்தின் மேல் இருந்த மூல ஓவியத்தை உளி தின்றுவிட்டது. மிஞ்சியது அச்சு மட்டும். அந்தப் பிளாக்குகளிலிருந்து எடுத்த உலோக வார்ப்புகள் கடல் தாண்டிப் போயின. லண்டனில் காசெல் நிறுவனம் பகுதி பகுதியாக வெளியிட்டது. 1875-இல் பார்சிலோனாவிலும் வந்தன. கொஞ்ச காலத்தில் ஓவியத்தைப் புகைப்படமாக மரத்தின் மேல் ஏற்றும் முறை பரவியது. மூலம் பத்திரமாகத் தப்பியது. நூற்றாண்டின் கடைசியில் புகைப்படத்தை நேராகவே உலோகத்தில் அரிக்க வைக்கும் ஆஃப்டோன் பிளாக் வந்தபோது பிஸான் போன்றவர்களின் பட்டறைகளுக்கு ஆள் தேவைப்படவில்லை. அவர்கள் எங்கே போனார்கள், பத்திரிகைகள் அவர்கள் இல்லாமல் எப்படிப் படம் போடக் கற்றுக்கொண்டன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)